நொச்சி இலையும் என் வேலையும்

இலைக்குள் சத்து இருக்கிறது என்று சொல்வது சுலபம். அதை வெளியே கொண்டுவருவதற்குள் நம் உயிர் போய்விடும்! உங்களில் ஆய்வுக்கூடத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

தொண்ணூறுகளில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன மூலிகைக் கம்பெனி. நான்தான் ஒரே கெமிஸ்ட், அதுவும் தற்காலிகம். இருமல் மருந்துக்கு நொச்சிச் சாறு வாங்க பம்பாயிலிருந்து ஒருவர் வரப்போகிறார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றுவிட்டார் முதலாளி. வீட்டில் அப்பா ரிடையராகிவிட்டார், தம்பி காலேஜில். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பச்சையோ பச்சை

ஊதாக் கரைசலில் சாற்றைச் சொட்டினால், ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற அந்தச் சத்து இருந்தால் ஊதா மறைந்து மஞ்சளாகும். இதுதான் சோதனை. முதலில் இலையை ஹெக்ஸேன் என்ற பெட்ரோல் மாதிரித் திரவத்தில் ஊறவைத்தேன். கண்ணைப் பறிக்கும் பச்சை! சொட்டினால் ஊதா அசையவே இல்லை. ஹெக்ஸேன் இலையின் மெழுகையும் பச்சையையும் இழுத்துக்கொண்டு, வேண்டியதை விட்டுவிட்டது. முதலாளி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "எவ்வளவு பச்சையா இருக்கு! இதுக்கு மேல என்னம்மா சத்து வேணும் அவருக்கு?"

மேரி அக்காவின் கைவண்ணம்

மறுநாள் ஒரு நப்பாசையில் அதே சாற்றை மறுபடி சொட்டினேன். மஞ்சள்! சந்தேகப்பட்டு, இலையே போடாத வெறும் ஹெக்ஸேனைச் சொட்டினேன். அதுவும் மஞ்சள்! டியூபை மோந்து பார்த்தால் எலுமிச்சை வாசனை. கண்ணாடிச் சாமான் கழுவும் மேரி அக்கா, ஈஸ்டருக்கு வீட்டுப் பாத்திரம் தேய்த்த மாதிரியே இங்கேயும் எலுமிச்சை மூடியால் தேய்த்து, சரியாக அலசாமல் கவிழ்த்திருந்தார். எலுமிச்சையின் வைட்டமின் சி போதாதா, ஊதாவைத் தின்ன? நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாமா நீ, பளபளன்னு கீதேன்னு சந்தோசப்படாம தலைல அடிச்சிகினு நிக்கிறே!"

விஷமும் நாற்றமும்

அடுத்து மெத்தனால். சொட்டியதுமே மஞ்சள். துள்ளிக் குதிக்க வேண்டியவள் இடிந்துபோய் உட்கார்ந்தேன். குடிக்கிற மருந்தில் அந்த விஷச் சாராயம் மிச்சமிருந்தால் கண்ணே போய்விடும். வெறும் தண்ணீரில் போட்டதோ, ஞாயிறு லீவு முடிவதற்குள் நாறிவிட்டது. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "வேலை செய்யறது விஷம், விஷமில்லாதது நாத்தம். நான் எதைத்தாம்மா விக்கறது?"

பம்பாய்க்காரர் முன்னால்

மிச்சமிருந்தது நல்ல ஸ்பிரிட்டில், அதாவது விஷமில்லாத சாராயத்தில், தண்ணீர் கலந்து ஊறவைப்பதுதான். ஸ்பிரிட்டுக்கு மதுவிலக்கு பர்மிட் வாங்க அலைய வேண்டுமே என்று தள்ளிப்போட்ட முதலாளி, ஒருவழியாக அலைந்து வாங்கினார். சாறு தயாரான அன்றே பம்பாய்க்காரரும் வந்து நின்றார். சோதித்துப் பார்க்க நேரமில்லை. அவர் கண் முன்னாலேயே சொட்டினேன். ஊதா அப்படியே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெல்ல மெல்ல வெளுத்து, மஞ்சளானது! சாறு கொஞ்சம் நீர்த்திருந்ததால் தாமதம், அவ்வளவுதான். பம்பாய்க்காரர் தலையாட்டிவிட்டு, முதலாளியிடம் தனியே ஏதோ பேசிவிட்டுக் கிளம்பினார். முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்தார். "உன்னை நிரந்தரம் பண்ணிட்டேன்மா! அடுத்து ஆடாதோடைச் சாறு கேக்கறாரு, நாளைக்கே ஆரம்பிச்சுடு."

அன்றைக்கு வேலை நிரந்தரமானது, கூடவே சோறு இறங்காத என் கவலையும்.