நெல்லு மேல ஜெயம்மா போட்ட கோடு

பெருநகர் கிராமத்துல இன்னிக்கி ஜெயம்மாவைப் பார்த்துட்டு, நேரா பஸ் ஏறி வந்து இந்தத் தாளை அடிக்க டைப் மிஷின் முன்னால குந்திக்கினு கீறேன். அவசரமா அடிக்கிறேன். தப்பு வுழுந்தா பொறுத்துக்கங்க.

நம்ம உத்தரமேரூர் படிப்பகத்துக்குப் பேப்பர் படிக்க வர்ற ஞானதாஸோட சம்சாரம்தான் ஜெயம்மா. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அம்பத்தொண்ணுல வீராசாமி மொதலாளி அரிசி மில்லு வெச்சதுலேருந்து, பன்னெண்டு வருசமா அங்கதான் வேலை. அவிச்ச நெல்லைக் களத்துல பரப்பி வெச்சா, அரை மணிக்கொரு தபா காலாலயே தள்ளிக்கினு நடந்து கிளறணும். நடந்த எடமெல்லாம் நெல்லுல கோடு வுழும். அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தம்மாவுக்குப் பித்து புடிச்சிருக்கு.

நேராவே போவணும்னு எவன் சொன்னான்னு ஒருநாள் வளைஞ்சு போயிருக்காங்க. அப்புறம் கூட வேலை செய்யிற மூணு பேரைச் சேர்த்துக்கினு, எதிர எதிர வந்து விலகுறது, ஒத்தைக் காலை இழுக்கிறதுன்னு ஒரு ஆட்டமே கட்டிட்டாங்க. மில்லு இஞ்சின்தான் தாளம். நடுநடுவுல மொறத்தைத் தட்டுறாங்க. யாரு எங்க திரும்பணும்னு வூட்டு செவுத்துல கரியால வரைஞ்சு வெச்சிருக்காங்க. போன வாரம் அழிச்சிட்டு வேற. நேத்து அதையும் அழிச்சிட்டு வேற. இது படமா, பாட்டா, ஆட்டமான்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல.

"இவளால பெரிய பேஜார் தம்பி," கூட ஆடுற சொக்கம்மா சொல்றாங்க. "சோறு துன்னும்போது கூட என் காலையே பாத்துக்கினு கீறா."

ஜெயம்மாவுக்கு ஒரே ஆசை. ஞாயித்துக்கெழம ஊரைக் கூப்ட்டு நெல்லு மேல ஆடிக் காட்டணும். வெறுந்தரையில கோடு வுழாது. கோடு இல்லாட்டி பாதி ஆட்டம் காணாம போயிடும்.

போன வாரம் மொதலாளிகிட்ட போய்க் கேட்டிருக்காங்க.

"நெல்லு லட்சுமி. அது மேல ஏறி கூத்தாடுவியா?"

"தெனம் காலைலேருந்து சாயந்தரம் வரைக்கும் மிதிக்கிறனே மொதலாளி. அப்ப லட்சுமிக்கு வலிக்கலியா?"

"அது வேலை."

"காலு அதே காலுதானே."

களத்துல வேலையைத் தவிர வேற எதுவும் நடக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். மூணாம் நாள் ஜெயம்மா, அப்போ வேலையிலயே ஆடிடலாம்னு கூட ஆடுறவங்ககிட்ட சொல்லியிருக்காங்க.

அது இன்னிக்கி நடந்துச்சு. நான் மில்லு வாசல்ல நின்னு பாத்தேன். நாலு மணி, கடைசிக் கிளறல். நாலு பேரும் பொடவையைத் தூக்கி சொருவிக்கினு களத்துல எறங்கினாங்க. நடக்கறாங்கன்னுதான் நெனச்சேன். திடீர்னு நாலு தோளும் ஒண்ணா சாஞ்சுது. நெல்லு சரசரன்னு பிரியுது, கோடு வளையுது, நீட்டு நெழலும் கூடவே வளையுது. ஒரு ஜாண் எடம் வுடல. வுட்டா ஈரம் தங்கிடும், வேலையும் போயிடும்.

முடியற நேரம் மொதலாளி வந்துட்டாரு. கோடுங்க குறுக்க வெட்டுற எடத்துல ஒரு நெல்லை எடுத்துக் கடிச்சாரு. அந்த மூலைக்குப் போய் ஒண்ணு கடிச்சாரு. நாலு எடத்துல கடிச்சும் எல்லாம் ஒரே பதமாத்தான் காஞ்சிருந்துச்சு.

"இன்னா ஜெயம்மா இது, ஆட்டமா?"

"கிளறுறோம் மொதலாளி."

வாயில இருந்த உமியைத் துப்பினாரு. "சரி, கிளறு. எவனாச்சும் ஆட்டம்னு கை தட்டினான், அன்னிக்கே நிறுத்திடுவேன்."

வெளிய வந்த ஜெயம்மா சிரிப்பாங்கன்னு பார்த்தேன். "எடது பக்கம் திரும்பறப்ப சொக்கி முந்திக்கினா, பாத்தியா?"

"பாக்கல அக்கா."

"இன்னாத்ததான் பாத்த நீ?"

இதை எழுதட்டுமான்னு கேட்டேன். "எயுது. நெல்லு காயறதைப் பாக்க வாங்கன்னு எயுது."

எழுதிட்டேன். இந்த நெல்லு சனிக்கெழம வரைக்கும்தான் களத்துல கெடக்கும். உத்தரமேரூர்லேருந்து மூணு மணி பஸ்ஸைப் புடிங்க. மில்லு எதிர்ல, பஸ்ஸுக்குக் காத்துக்கினு நிக்கிற மாதிரி ஒருத்தர் ரெண்டு பேரா நில்லுங்க. படிச்சு முடிச்சதும் இந்தத் தாளைப் பக்கத்துல கீறவங்களுக்குக் குடுங்க. எவ்ளோ புடிச்சாலும் கையை மட்டும் தட்டிடாதீங்க.