எட்டிப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

அல்லிநகரத்தில் கொசு ஒழிப்பு வேலை பார்க்கிறேன். வீடு வீடாகப் போய், தண்ணீர்த் தொட்டிகளில் புழு இருக்கிறதா என்று பார்த்து, சுவரில் ஒட்டிய அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குக் கூச்சம் அதிகம். முன்பெல்லாம் பெரிய வீடுகளில் வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தால் உள்ளே போகாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு நாள் எங்களை பிரவுசிங் சென்டரில் உட்கார வைத்து, இன்டர்நெட்டில் பயிற்சி கொடுத்தார்கள். திரையில் ஒரு வீட்டுப் படம். மவுஸால் தொட்டியை அழுத்தினால் மூடி திறக்கும். நான் பழக்கத்தில் நேராகப் படத்திலிருந்த அட்டையை அழுத்தினேன். 'மாடித் தொட்டியை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை' என்று எழுத்து வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே.

கூட வேலை பார்க்கும் செல்வி, "என்னக்கா, கம்ப்யூட்டரயும் ஏமாத்தப் பாக்குறீகளா?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் ஒரு மாடி வீட்டில் அந்த வீட்டம்மா வாசலை மறித்து நின்றார்.

"எப்பவும் போல எழுதிட்டுப் போம்மா."

"தொட்டியப் பாக்காம எழுத மாட்டேன்."

"ஆபீஸ்ல சொல்லி வேலையவிட்டுத் தூக்கச் சொல்லவா?"

"தாராளமாச் சொல்லுங்க. இத்தன நாளு பாக்காம எழுதுனதையும் சேத்தே சொல்லுங்க."

நான் நகரவில்லை. கடைசியில் அவர்தான் விலகினார். மாடித் தொட்டியில் புழு நெளிந்துகொண்டிருந்தது.

மருந்தை ஊற்றிவிட்டுக் கீழே வந்து, அட்டையில் 'புழு உண்டு' என்று எழுதினேன். அதற்கு மேலே இருந்த என் பழைய கையெழுத்துகளை அவர் கண் முன்னாலேயே அடித்தேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் அடித்தேன். போகவில்லை.

கூச்சம் இன்றும் இருக்கிறது. ஆனால் மூடியைத் திறக்க விடாத வீட்டின் அட்டையில் என் பெயர் இருக்காது.