சின்னவள் கண்டுபிடித்த ஓட்டை

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் மென்பொருள் எழுதுகிறவள். சின்னவள் அடுத்தவர் எழுதிய மென்பொருளில் ஓட்டை தேடுகிறவள். இந்தப் பொருத்தத்தை யார் பார்த்தார்களோ தெரியாது, இரண்டையும் ஒரே சமையலறைக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

மூத்தவள் எழுதியது ஒரு லைப்ரரி, அதாவது மற்ற செயலிகள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுப்பு. போனுக்கு ஒரு படம் வந்தால் அதைப் பிரித்துத் திரையில் காட்டுவது அதன் வேலை. படம் தெரிந்துவிட்டால் எழுதியவளை யார் நினைக்கப்போகிறார்கள்? மாமியாரைக் கேட்டால், "ஏதோ போட்டோ வேலை" என்பார். அதையும் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள், சின்னவள் வரும்வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், துணி மடித்துக்கொண்டே சின்னவள் ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்க லைப்ரரியில ஒரு ஓட்டை இருக்கு. வெளியில யார்கிட்டயும் சொல்லல. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்."

வெளியில் சொல்லவில்லைதான். மாமியாரும் மூத்தவளின் கொழுந்தனும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். குடும்பம் கணக்கில் வராதுபோல.

விஷயம் இதுதான். ஒவ்வொரு படமும் தன் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிக்கொண்டு வரும். மூத்தவளின் நிரல் இரண்டையும் பெருக்கி, அதற்குத் தக்க மெமரியில் இடம் பிடிக்கும். படம் வேண்டுமென்றே பொய் சொன்னால், பெருக்கி வரும் எண் எல்லை மீறி, பழைய வண்டி மீட்டர் ஒரு சுற்று முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல் சின்ன எண்ணாகிவிடும். பிடித்த இடம் கைக்குட்டை அளவு, விரிக்கும் படமோ போர்வை அளவு. மிச்சமெல்லாம் பக்கத்து மெமரியில் போய் விழும். விவரம் தெரிந்த திருடன் அந்த மிச்சத்தில் தன் கட்டளைகளை வைத்து அனுப்பினால், படத்தைத் திறந்தவரின் போன் அவன் கைக்குப் போய்விடும்.

"ஒரு போட்டோவைத் தொறந்தா போனே போயிடுமா?" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை."

"இதை நீயா கண்டுபிடிச்சே? கெட்டிக்காரிதான்." பிறகு மூத்தவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் மூத்தவளின் கணவன் தன் பங்குக்கு, "என்ன இருந்தாலும் அவ மூளையே தனி" என்றான். மூத்தவள் டம்ளரை வைத்த சத்தத்திலேயே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

வயிறு எரிந்தது. எரிச்சலோடேயே உட்கார்ந்து ஓட்டையை அடைத்தாள். சின்னவள் தந்திருந்த பொய்ப் படத்தைத் திறந்து பார்த்தாள். நிரல் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. இனி ஓட்டை அடைபட்டதென்று அறிவிப்பு எழுதி, திருத்தத்தோடு வெளியிட வேண்டியதுதான். ஆனால் அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஓட்டையைக் கண்டவரிடமே திருத்தத்தைக் காட்டி, சரியாக அடைபட்டதா என்று கேட்ட பிறகுதான் வெளியிடுவார்கள். அறிவிப்பில் கண்டவர் பெயரையும் நன்றியோடு போடுவார்கள்.

நான் எழுதினது எனக்குத் தெரியாதா, இவளிடம் போய் நிற்க வேண்டுமா? வெளியிடும் பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டாள். அழுத்த மனம் வரவில்லை. அறிவிப்பு வந்ததும் எங்கே தேட வேண்டும் என்று திருடர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். ஒரு கீறல் மிஞ்சியிருந்தாலும் போவது அவள் மானம் மட்டுமல்ல, ஊர்ப்பட்டவர்களின் போன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சின்னவளின் அறைக் கதவைத் தட்டினாள்.

சின்னவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

"அகலம், உயரம் ரெண்டையும் பார்த்துட்டீங்க. அதுக்கப்புறம் வண்ணத்துக்காக இன்னொரு தடவை பெருக்குறீங்களே, அக்கா, அதைப் பார்க்கலையே?"

மூத்தவளுக்குக் காது சுட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் பல வண்ண அடுக்குகள்; அந்தப் பெருக்கலிலும் எண் எல்லை மீறலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்கூட இதைக் கவனிக்காமல் விடமாட்டான். பொறாமை கண்ணை மறைத்துவிட்டது. சின்னவள் கைகாட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் அவள் பார்க்கவே இல்லை.

சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்த ரெண்டாவதை நீங்களே கண்டுபிடிச்சதா போட்டுக்கோங்க அக்கா. எனக்கு ஒண்ணு போதும்."

இதைத்தான் மூத்தவளால் தாங்க முடியவில்லை. கெட்டிக்காரி பட்டமும் அவளுக்கு, பெருந்தன்மையும் அவளுக்கா? அப்புறம் இவளுக்கென்று என்ன மிஞ்சும், பாத்திரம் கழுவுவதா?

"வேணாம்மா. கண்டது நீ. பேரும் உனக்குத்தான்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

இரண்டாவதையும் அடைத்து, சின்னவளிடம் மறுபடி காட்டி, அறிவிப்பை எழுதினாள். இரண்டு ஓட்டைகளுக்கும் சின்னவள் பெயரையே போட்டாள். அப்படியும் ஆத்திரம் தீராமல், கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'தவறு முழுக்க என்னுடையது.' அந்த வரியை மட்டும் சின்னவளால் எழுதவே முடியாதே.

மறுநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது கொழுந்தன் அந்த அறிவிப்பைப் படித்துக் காட்டினான். மாமியார் பரிமாறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"தப்பு என்னோடதுன்னு ஊரறிய எழுத எவ்வளவு பெரிய மனசு வேணும். என் மூத்த மருமக மாதிரி வருமா?"

சின்னவள் தட்டைப் பார்த்தபடி, "கண்டுபிடிச்சது நான்தானே அத்தை" என்றாள்.

"அதான் அன்னைக்கே சொன்னியே" என்றார் மாமியார், மூத்தவள் பக்கம் பாத்திரத்தை நகர்த்தியபடி.

சின்னவளின் அந்தக் குரல் மூத்தவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் அது இவள் தொண்டையில்தான் இருந்தது. பாவம் என்று தோன்றியது. தோன்றியும், இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.