இசபெல்லா வாய் திறக்கவில்லை

நல்லம்பள்ளிப் பக்கத்துக் கோயில் பாடற்குழுவில் முதல் குரல் இசபெல்லாவுடையது. தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப்போன ரிப்பன் மைக்கைப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். அதன் வயிற்றுக்குள் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைவிட மெல்லிய தகடு ஒன்று தொங்கும். குரல் பட்டால் அதுதான் அசையும். படுக்கப் போட்டால் தகடு தொய்ந்துவிடும் என்று கோயில் பீரோவில் நிற்க வைப்பாள். உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத்தூளை இழுத்துக்கொள்ளும் என்று தரையில் வைக்கவே விடமாட்டாள். வெளியே எடுத்தால் காற்றுப் படாமல் துணிப்பை மாட்டுவாள். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்க்கவில்லை என்று புருஷன் கேலி செய்வான்.

எண்பத்து நாலாம் வருஷம் குருத்து ஞாயிறன்று ஆர்மோனிய வாத்தியார் சின்னப்பராஜ் மைக்கைப் பிடித்து ‘ஃபூ, ஃபூ’ என்று ஊதினார். மைக்கைச் சோதிக்க இந்த ஜில்லாவில் வேறு வழி யாருக்குத் தெரியும்? தகடு அறுந்தது.

“ஊதாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேனுங்க!” என்று இசபெல்லா பதறினாள்.

“ஊதுனா அணையறதுக்கு அதென்ன வெளக்கா? நீ வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி கீழ போட்டிருப்பே. பழிய எம்மேல போடறியா?” என்றார் வாத்தியார்.

ஊரே அவர் பக்கம் நின்றது. பாடற்குழுவிலிருந்து அவளை இறக்கிவிட்டார்கள். பழுதான மைக் மட்டும் அவள் பொறுப்பிலேயே கிடந்தது. அன்றிலிருந்து செபமாலை உருட்டும்போதெல்லாம் அந்த மனுஷன் தொண்டை அடைக்க வேண்டும் என்றே வேண்டினாள். மாதா காதில் வாங்கவில்லை. அவர் முன்னைவிடச் சத்தமாகப் பாடினார்.

மறு வருஷம், சேலத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அவள் தம்பி சவரி எங்கெங்கோ தேடி ஒரு தகடு மாட்டிக் கொடுத்தான். “இது போச்சுன்னா இனி கெடைக்காதுக்கா. உசுராட்டம் பாத்துக்கோ,” என்றான்.

அந்தோணியார் திருவிழா. கோயில் கொள்ளாத சனம். இசபெல்லாவே மைக்கைக் கொண்டுபோய் ஸ்டாண்டில் நிறுத்தினாள். துணிப்பையையும் தானே கழற்றினாள். முன்பெல்லாம் அந்த இடத்தில் கையை விரித்து மறிப்பவள், அன்று கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினாள். சின்னப்பராஜ் மைக்கருகே வந்தார்.

“ஊத வேண்டாம்னு சொல்லுக்கா,” என்று சவரி கிசுகிசுத்தான்.

“நீ வாயத் தெறந்தே, தம்பின்னு பாக்கமாட்டேன்.”

அவள் மைக்கையே பார்த்தாள். பிள்ளைபோல் பார்த்த மைக். ஆனால் அந்த ஒரு வருஷத்து அவமானம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

‘ஃபூ, ஃபூ.’ குழாய் ஸ்பீக்கரில் பொத்தென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. வாத்தியார் பாடியது இரண்டு வரிசையைத் தாண்டவில்லை.

“கீழ போட்டது யாருங்க வாத்தியாரே?”

இசபெல்லாவின் குரல் கடைசி வரிசைவரை கேட்டது. சின்னப்பராஜ் முகம் சுண்டிப்போனது. அதைக் கண்குளிரப் பார்த்தாள்.

பங்குச் சாமியார் அவளை அழைத்தார். “ஊதுனா போயிரும்னு தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?”

“போன வருசம் சொன்னேனுங்க சாமி.”

செத்த மைக்குக்குத் துணிப்பையை மாட்டினாள். பழக்கம் விடவில்லை, படுக்கப் போடாமல் பீரோவில் நிற்க வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடற்குழுவில் தன் பழைய இடத்தில் போய் நின்றாள். யாரும் தடுக்கவில்லை.