சிலுவை இல்லாத கடிதம்

இன்று சைகோனிலிருந்து மகனின் கடிதம் வந்தது. காகிதத்தின் உச்சியில் சிலுவை இல்லை.

எதை எழுதினாலும் முதலில் சிலுவைக் குறி போட வேண்டும் என்று கன்னியர் மடத்தில் கற்றேன். அவனுக்கும் கற்றுக்கொடுத்தேன். இதுவரை அவன் தவறியதில்லை.

"அவசரத்துல மறந்துட்டிருப்பாரு, அத்தை. சுகமா இருக்கேன்னு எழுதியிருக்காரே" என்றாள் மருமகள்.

"சுகமா இருக்கறவன்தான்டி ஆண்டவரை மறப்பான்."

விசுவாசத்தை விட்டுவிடாதே என்று நான்கு பக்கம் எழுதி, உறையில் போடச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தவள் மெதுவாகத் திருப்பி நீட்டினாள்.

"உங்க கடுதாசியிலயும் சிலுவையக் காணோமே, அத்தை."

பிறகு போட்டேன். பின்னால் சேர்த்தது என்று மை காட்டிக்கொடுக்கிறது. அவன் கண்டுபிடித்துவிடுவான், நான் வளர்த்த பிள்ளை.

நாளை தபால் கப்பல். இப்படியே அனுப்புவதா, நான்கு பக்கமும் மறுபடி எழுதுவதா? என்னோடு மடத்தில் படித்த தோழியரே, இன்றே சொல்லுங்கள்.