பல் போட்டி நடந்த கிறிஸ்துமஸ்

பண்டிகை வந்தால் போதும், பல்லுக்கு எது நல்லது, எது கெட்டது என்று பட்டியல் போட ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. போன வாரம்கூட ஊட்டியில் ஒரு பல் ஆஸ்பத்திரி வாசலில் நோட்டீஸ் கொடுத்தார்கள். பாதாம் சாப்பிடுங்கள், சீஸ் சாப்பிடுங்கள், ஒட்டுகிற மிட்டாயைத் தொடாதீர்கள். படித்துவிட்டு அங்கேயே கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். இந்தப் பாடத்தில் நான் பத்து வயதிலேயே தேறி, பரிசும் வாங்கியவள்.

அப்போது நாங்கள் கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் அடுப்புப் பக்கம் வேலை. குளிர் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. மேனேஜர் நம்மைப்போலக் கறுத்த ஆள்தான். ஆனாலும் அவர் தொரை, அவர் சம்சாரம் தொரசாணி. சுதந்திரம் மலை ஏறி வரும்போது பாதியில் பஸ் கிடைக்காமல் நின்றுவிட்டது போலிருக்கிறது.

கொழுந்துக்காரிகளுக்கு எஸ்டேட்டில் போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுப்பார்கள். அம்மாவின் கம்பளியில் கம்பளியைவிட ஓட்டைதான் அதிகம். டிசம்பர் காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அதை மிதித்துக்கொண்டு, இருமிக்கொண்டே வேலைக்குப் போவாள். புதுக் கம்பளி கேட்டால் ஆபீசில் அடுத்த வருஷம் என்பார்கள். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார்கள்.

அந்த வருஷம் டிசம்பர் தொடக்கத்தில் குன்னூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். தொரசாணியின் சிநேகிதி. பிள்ளைகளையும் தாய்மார்களையும் டிஸ்பென்சரி முன்னால் உட்காரவைத்து, ஒரு மேஜைமேல் ஆப்பிள், சீஸ், வால்நட் எல்லாம் பரப்பினார்கள். பண்டிகைக்கு இவற்றைத்தான் தின்ன வேண்டுமாம். வால்நட்டை எங்களில் பாதிப் பேர் ஏதோ மரத்தின் விதை, நடுவதற்குக் கொடுப்பார்கள் என்று நினைத்தோம். இனிப்புத் தின்றால் உடனே வாய் கொப்பளிக்க வேண்டும் என்றார். எங்கள் குழாயில் டிசம்பர் காலையில் தண்ணீரே வராது, உள்ளேயே உறைந்துபோயிருக்கும்.  கடைசியாக விரலை ஆட்டிச் சொன்னார்: "டாஃபிதான் பல்லுக்கு முதல் எதிரி. ஞாபகம் வச்சுக்குங்க."

பிறகு தொரசாணி எழுந்து, புது வருஷத்துக்கு முந்தின நாள் சுத்தமான பல்லுக்குப் போட்டி, முதல் பரிசு ஒன்று உண்டு என்றார். என்ன பரிசு என்று சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய அவசியமும் அம்மாவுக்கு இல்லை. முந்தின வருஷம் சுத்தமான வீட்டுக்குப் போட்டி வைத்துக் கம்பளிதான் கொடுத்தார்கள். அதற்கு முன் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த கங்காணிக்கும் கம்பளி. எஸ்டேட் என்றால் கம்பளியைத் தவிர வேறு எதையும் கொடுக்கத் தெரியாது என்பது அம்மாவின் முடிவு. அன்று சாயங்காலமே என் வாயை வெளிச்சத்தில் திருப்பி ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள்.

"சாமி, இந்தப் போட்டி முடியற வரைக்கும் வாயக் கட்டிக்கோ. அம்மாவுக்கு ஒரு கம்பளி வந்துரும்."

வாயைக் கட்டினேன். ஆப்பிளுக்கும் சீஸுக்கும் பதிலாக அம்மா தனக்குத் தெரிந்த பட்டியலைப் போட்டாள். படுகர் தோட்டத்தில் கோணல் என்று கழித்துப்போட்ட கேரட், வேகவைத்த நிலக்கடலை, தேங்காய்ச் சில், கொள்ளுச் சுண்டல். கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்ததும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து, மாவைச் சோழி மாதிரி சுருட்டிப் பொரித்த கல்கல்லும் அதிரசமும் வந்தன. சர்க்கரைப் பாகு பூத்த கல்கல்லை அம்மா என் கண்ணெதிரே அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்தாள். அவர் கடமுடவென்று கடித்தார். நான் கொள்ளு மென்றேன். எங்கள் லைனிலேயே பிறந்தநாள் கொண்டாட வந்த இயேசுவுக்குக் கோபம் வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். அந்த வயதில் அம்மாவின் இருமலைவிட அதிரசம் பெரிதாகத்தான் தெரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

போட்டியன்று எஸ்டேட் கிளப்பில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல டாக்டரம்மா டார்ச் அடித்து, குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு வாரமாகக் கல்கல் தின்ற பிள்ளைகளின் வாயைப் பார்த்து முகம் சுளித்தார். என் வாயைப் பார்த்ததும், "வெரி குட். ஒரு சொத்தைகூட இல்லே" என்று தொரசாணியைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் பரிசு எனக்குத்தான்.

பின்னால் நின்ற அம்மா அந்த ஓட்டைக் கம்பளியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள். புதுசு வந்த பிறகு பழசோடு நிற்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பாள்.

கலர்க் காகிதம் சுற்றிய பரிசைத் தொரசாணி என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. கம்பளி சத்தம் போடாது. காகிதத்தைக் கிழித்தால் ஒரு பெரிய தகர டப்பா, மூடியில் பனியில் போகிற குதிரை வண்டிப் படம், உள்ளே வாய் வரைக்கும் டாஃபி. எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டரம்மாவும் தட்டினார். பல்லுக்கு முதல் எதிரி எது என்று அவருக்கு அந்த நாலு வாரத்தில் மறந்துபோயிருக்க வேண்டும். அல்லது அந்தப் பேச்சு எங்களுக்கு மட்டும்தானோ என்னவோ.

அம்மா சுருட்டிய கம்பளியை உதறி மறுபடி போர்த்திக்கொண்டாள்.

டாஃபியை நான்தான் தின்றேன். பங்கு கேட்டு வந்த பிள்ளைகளை விரட்டிவிட்டேன். ஒரு மாதம் கொள்ளு தின்ற வெறி. அம்மாவும் தடுக்கவில்லை. "நீ வாயக் கட்டி வாங்குனது, நீயே தின்னு" என்றாள். தவக்காலம் வரும்வரை அது தீரவில்லை. கடைவாயில் ஒட்டிக்கொண்டதை நாக்கால் நெம்பி நெம்பி, அந்த ருசியிலேயே பள்ளிக்கூடம் போவேன். அம்மா அந்தக் குளிர்காலத்தையும் அதே ஓட்டைகளோடுதான் கழித்தாள். இருமல் மழைக்காலத்திலும் நிற்கவில்லை. காலியான டப்பாவில் மத்தியானச் சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அடுத்த டிசம்பரில் அதே டாக்டரம்மா, அதே மேஜை, அதே ஆப்பிள். இந்த முறை பேச்சு முடிந்ததும் அங்கேயே பல்லும் பார்த்தார்கள். டாக்டரம்மா என் கடைவாய்ப் பல்லைக் குச்சியால் தட்டியதும் நான் அலறிவிட்டேன். அவர் அம்மாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலையிலிருந்து நேராக, சோற்று டப்பாவோடு, இருமிக்கொண்டே வந்தாள்.

"இந்தப் பல்லைப் பிடுங்கத்தான் வேணும். போன வருஷம் முதல் பரிசு வாங்கின வாயா இது? அறிவில்லையா உனக்கு? அப்படி என்னத்தைக் கொடுத்தே புள்ளைக்கு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குதிரை வண்டிப் படம் போட்ட மூடி மேலே தெரிகிற மாதிரி அம்மா டப்பாவை மேஜைமேல் ஆப்பிள் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க குடுத்த பரிசைத்தானுங்க."

டாக்டரம்மா டார்ச்சை அணைத்து, மறுபடி போட்டு, அடுத்து நின்ற பிள்ளையை வாயைத் திறக்கச் சொன்னார்.