ஆகாயத்தில் விட்ட மூச்சு

நேற்று புதுச்சத்திரத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். பக்கத்தில் இஸ்திரி வண்டிக்காரர் கரியை விசிறிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தால், மேலே ஒரு விமானம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகிறது. கரி வாசனையும் வெள்ளைக் கோடும் சேர்ந்து வந்தால் எனக்கு நங்கையா ஞாபகம் வராமல் இருக்குமா, நீங்களே சொல்லுங்கள். பஸ் வந்து, நின்று, போயும் விட்டது. இந்த வயதில் எனக்கு இது புதிதல்ல.

நங்கையா என் வீட்டுக்காரருடைய அக்கா. எங்கள் பக்கம் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். திருச்செங்கோட்டில் பஸ் மெக்கானிக்காக இருந்த அவள் புருஷன் விமானப் படையில் சேர்ந்துவிட, அவள் செவ்வாய்ப்பேட்டையில் எங்களோடு வந்து தங்கினாள். நான் கல்யாணமாகி வந்த புதிது. எட்டாவது படித்தவள் என்பதால் எனக்கு அண்ணன் முறையான அவர் போடும் கடுதாசிகளைப் படித்துச் சொல்வது என் உத்தியோகம். ‘ஏரோப்ளேனில் ஏறி மேகத்துக்கு மேலே போய் வந்தேன்’ என்று எழுதுவார். நங்கையா அந்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லி, பெருமையும் பயமுமாக முந்தானையை முறுக்குவாள்.

பிறகு கடுதாசி நின்றுபோனது. அப்படி அவள் ஏங்கிக் கிடந்த ஒரு மத்தியானம் தெருவே வெளியே ஓடி வந்தது. வானத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. அதன் முனையில் ஊசிப் பொட்டாக ஏதோ மின்னியது. “ஏரோப்ளேன் பத்திக்கிச்சு!” என்று யாரோ கத்தினார்கள். நங்கையா குடத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ரயிலுக்குப் புகை வருதில்லீங்களா நங்கையா, அந்த மாதிரிதானுங்க,” என்றேன், எட்டாவது படித்த தைரியத்தில்.

“ரயிலு கரி திங்குது சாமி. இது எண்ணெயில ஓடுதுன்னு அவரு சொல்லியிருக்காரு. இது தீயேதான்,” என்றாள்.

படித்தவள் குடத்தை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் வெறும் நீராகாரம்தான்.

என் வீட்டுக்காரருக்கு அக்கா என்றால் உயிர். கடைவீதியில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கேட்டார். ஏரோப்ளேன்காரன் சுண்ணாம்புப் பொடி தூவி வழிக்கு அடையாளம் வைக்கிறான் என்று ஒருவர் அடித்துச் சொன்னாராம். கடைசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் விஷயத்தை விளக்கினார். வீட்டுக்குத் திரும்பிய என் வீட்டுக்காரர் அதைச் சொல்லாமல், “அக்கா, ஏற்காட்டுக்குப் போயிட்டு வரலாம், கெளம்பு,” என்றார்.

மார்கழி மாதம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் ஓர் உலையைக் கட்டி, கரி எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். மலை ஏற்றத்தில் அது முக்கி முனகி நின்றுவிடும். பெண்கள் இறங்கி நடப்போம், ஆண்கள் தள்ளுவார்கள். மூக்குத்தி வரைக்கும் கரி. மேலே தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போனோம். “அம்மாடி, என்னா குளிரு!” என்று நங்கையா வாயைத் திறந்தாள். வெள்ளையாகப் புகை வந்தது. பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உனக்குள்ள தீயா பத்திக்கிச்சு?” என்று தம்பி சிரித்தார். “மூச்சுல ஈரம் இருக்குதக்கா. குளிரு பட்டதும் வெள்ளையாத் தெரியுது. எண்ணெய் எரிஞ்சாலும் நீராவி வருமாம். அத்தனை ஒசரத்துல இதைவிடப் பல மடங்கு குளிரு. ஆவி ஒடனே பனித்தூளா ஒறைஞ்சு கோடாட்டம் நிக்குது. அது எரியலை, ஓடுது.”

அவள் கையை எடுத்தாள். மெதுவாக ஊதிப் பார்த்தாள். இன்னொரு தரம் ஊதினாள். பிறகு மூன்று பேரும் பைத்தியங்கள் மாதிரி ஏரியைப் பார்த்து ஊதிக்கொண்டு நின்றோம். அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். தை பிறந்ததும் கடுதாசியும் வந்தது. அண்ணனை வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான்.

சண்டை முடிந்து அவர் கறுத்து மெலிந்து வந்து சேர்ந்தார். நங்கையா சொம்புத் தண்ணீரை நீட்டியபடியே கேட்டாள்: “மேல ரொம்பக் குளிருங்களா?”

அவர் தலையைச் சொறிந்தார். “நான் எங்க புள்ளே ஏறுனேன்? நட்டு முடுக்குறவனை ஆரு ஏத்துவா? சும்மா ஒரு பெருமைக்கு எழுதுனேன்.”

ஏனுங்க, வாங்க என்பதைத் தவிர அவரை வேறு விதமாக அழைத்தறியாத நங்கையா, “அடப் பொய்க்காரா!” என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, அழுதபடியே சிரித்தாள். அண்ணன் சிரித்த சிரிப்பில் சொம்புத் தண்ணீர் பாதி கொட்டிவிட்டது.

கரி பஸ் சண்டையோடு போயிற்று. அண்ணன் பிற்பாடு வைத்த லாரிப் பட்டறை இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். செவ்வாய்ப்பேட்டை வீட்டையும் விற்றாயிற்று. அந்த ‘அடப் பொய்க்காரா’வைக் காதால் கேட்டவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான்.